குப்பை மையத்தின் கணக்கு: சிங்கப்பூர்த் தணிக்கையில் பயன்மதிப்பீட்டின் இடம்

சிங்கப்பூரின் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் விதிமீறல்களைத் தேடும் அமைப்பே அன்றி, செலவுக்கேற்ற பயன் கிடைத்ததா என்று எடைபோடும் அமைப்பு அன்று என்ற கருத்து ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. ஒப்புதல் பெறாமை, ஆவணமின்மை போன்ற குறைகளே ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். 2014/15 நிதியாண்டு அறிக்கையில் மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்புகள் பற்றிய பகுதியை மட்டும் படிப்பவருக்கு இது சரியென்றே படும். அடுத்த ஆண்டு அறிக்கையில் உள்ள ஒரு கண்டறிதல் இந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்பதே என் வாதம்.

விக்டோரியா அரங்கு, இசைக் கூடம் ஆகியவற்றின் புதுப்பிப்பைத் தேசிய கலைகள் மன்றம் நிர்வகித்த விதத்தை அந்த அறிக்கை ஆராய்கிறது. அங்கே 470,000 வெள்ளியில் கட்டப்பட்ட குப்பை சேகரிப்பு மையம் ஒன்றுக்கு ஆலோசனைக் கட்டணமாக 410,000 வெள்ளி தரப்பட்டிருந்தது. கட்டுமானச் செலவில் ஏறத்தாழ 87 விழுக்காடு. இக்கட்டணம் அசாதாரணமாக உயர்ந்தது என்றும், அதன் நியாயத்தை மன்றம் போதிய அளவு மதிப்பிடவில்லை என்றும் அறிக்கை கூறியது.

விதிவழி வாசிப்பை ஏற்பவர்கள் பின்பாதியைப் பற்றிக்கொள்கிறார்கள்: குற்றம் மதிப்பீடு செய்யாததில்தான், கட்டணத்தில் அன்று; எனவே இதுவும் நடைமுறைக் குறையே. மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்கக் கடினமான வாசிப்பு இது. ஆனால் மதிப்பீடு போதவில்லை என்ற கேள்வி ஏன் இந்தக் கட்டணத்தின் மேல் எழுந்தது? அதே புதுப்பிப்பில் சில ஒப்பந்த மாற்றங்களுக்கு வேலை தொடங்கிய பிறகே ஒப்புதல் பெறப்பட்டதையும் தணிக்கை சுட்டியது. அந்தக் குறையைக் காண இரு தேதிகளை ஒப்பிட்டாலே போதும். மாற்றத்தின் விலை பத்து வெள்ளியா, பத்து மில்லியனா என்பது வேண்டியதில்லை. குப்பை மையத்திலோ, கட்டணம் கட்டடத்தின் அளவுக்குப் பொருந்தாதது என்று தணிக்கையாளர் முதலில் தாமே தீர்மானித்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இல்லாவிட்டால் நடைமுறைக் குறை கண்ணில் பட்டிருக்காது. வாக்கியத்தின் வடிவம் நடைமுறை பற்றியதாக இருக்கலாம். அதன் அடித்தளம் பயன் பற்றிய தீர்ப்பு.

அமைச்சின் மறுமொழி இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2016இல் நாடாளுமன்றத்தில் விளக்கமளித்த கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சர் கிரேஸ் ஃபூ, அந்த இடத்தின் கட்டுப்பாடுகளாலும் பணியின் சிக்கலாலும் ஆலோசனைச் செலவின் பங்கு உயர்ந்தது என்றார். இது விலைக்கான நியாயம். தணிக்கை வெறும் கோப்புக் குறையைச் சொன்னதாக அமைச்சு புரிந்துகொண்டிருந்தால், கோப்பைப் பற்றிப் பேசியதோடு நின்றிருக்கலாம். ஒரு மறுமொழியை வைத்து நிறுவனத்தின் இயல்பையே முடிவுசெய்வது கூடாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் கேள்வி எந்தத் தளத்தில் எழுந்தது என்பதற்கு, அதற்குப் பதில் சொல்லவேண்டியிருந்தவரைவிட நல்ல சாட்சி இல்லை.

தொகை சிறிது என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத்தக்கதன்று. அளவுகோல் எது என்பதே இங்கு கேள்வி. கொள்கையின் தகுதியைக் கேள்வி கேட்காத அமைப்பு பயனை அளக்க முடியாது என்பது இன்னொரு ஆட்சேபம். பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு தேசியத் தணிக்கைச் சட்டம் சிக்கனம், திறன், பயனுறுதி ஆகியவற்றை ஆராய அதிகாரம் தருகிறது. அதே சட்டம் கொள்கை நோக்கங்களின் தகுதியைக் கேள்வி கேட்பதைத் தடுக்கவும் செய்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கமுடியும்.

என் வாசிப்புக்கும் எல்லை உண்டு. குப்பை மையத்தில் கட்டணமும் கட்டுமானச் செலவும் வெள்ளியில் இருந்ததால் விகிதம் தானே பேசியது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் அதே அமைச்சின்கீழ், தேசிய மரபுடைமைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் கட்டுமான ஒப்பந்தத்தை இதே முறையில் சோதிக்கலாம். அங்கு வரும் பள்ளி மாணவர் தம் பாட்டன்மாரின் புலம்பெயர்வு பற்றி எவ்வளவு அறிந்து திரும்புகிறார் என்பதை எந்த விகிதமும் சொல்லாது. அதை அளக்க, நிலையம் எதை அடைய முனைகிறது என்று கழகமே முன்கூட்டி எழுத்தில் உறுதியளித்திருக்க வேண்டும். அந்த உறுதிமொழியை வைத்துத்தான் தணிக்கையாளர் கேள்வி கேட்க முடியும்.