ஜெனரிக்: பிறப்பில் தொடங்கிய ஒரு பெயர்

மருந்துக்கடையில் "ஜெனரிக் இருக்கிறதா?" என்று கேட்கிறோம். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், மருந்தின் பொதுப்பெயரில் வருவது போதும் என்று பொருள். புரோகிராம் எழுதுகிறவர்கள் இதே சொல்லை வேறோர் இடத்தில் நாள்தோறும் புழங்குகிறோம். ஒரே ஃபங்ஷன் முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் எழுத்துத்தொடருக்கும் வேலை செய்தால் அது ஜெனரிக். இரண்டு இடத்திலும் பொதுமை என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். சொல்லின் வேரிலோ பிறப்பு இருக்கிறது.

இலத்தீனில் 'கெனுஸ்' என்றால் பிறப்பு, குலம், இனம். கிரேக்கத்தில் அதன் உறவுச்சொல் 'கெனோஸ்'. குலத்தைக் குறித்த அந்தச் சொல்லை அரிஸ்டாட்டில் தருக்கத்துக்குள் கொண்டுவந்து பெருவகைக்குப் பெயராக்கினார். 1753இல் லின்னேயஸ் மாமரத்துக்கு 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்று பெயரிட்டபோது, முதற்பாதி பேரினத்தின் பெயராக நின்றது. ஜெனரிக் பெயர் என்று தாவரவியலார் சொல்வது அந்த முதற்பாதியைத்தான்.

அந்த வேர் நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. பிறத்தலைக் குறிக்கும் வடமொழி வேர் 'ஜன்', 'கெனுஸ்' பிறந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளை. ஜனனம், ஜன்மம், ஜாதி மூன்றும் அதிலிருந்து வந்தவை. ஜெனரிக்கும் சாதியும் தூரத்துப் பங்காளிகள். இந்திய தருக்க நூல்களில் 'ஜாதி' என்பது பல பொருள்களுக்குப் பொதுவான தன்மையைக் குறிக்கும் கலைச்சொல். தமிழ் இலக்கண உரைகளில் 'சாதியொருமை' உண்டு. "யானைக்கு நினைவாற்றல் மிகுதி" என்றால் ஏதோ ஒரு யானையைச் சொல்லவில்லை. ஒருமைச் சொல் இனம் முழுவதற்கும் நிற்கிறது. ஜெனரிக் ஃபங்ஷனில் 'டி' என்ற ஓர் எழுத்து செய்யும் வேலையும் இதுதான்.

கணினிக்குள் இந்தக் கருத்து முதலில் வேறு பெயரில் வந்தது. 1967இல் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி அதைப் 'பாராமெட்ரிக் பாலிமார்ஃபிசம்' என்றார். 'பாலிமார்ஃபிசம்' என்பது பல வடிவம் கொள்ளுதல். 1983இல் தரநிலை பெற்ற ஏடா மொழி 'ஜெனரிக்' என்பதைத் தன் ஒதுக்கப்பட்ட சொற்களில் ஒன்றாக்கியது. 2004இல் ஜாவாவின் 5ஆம் பதிப்பு வந்தபோது, 'ஜெனரிக்ஸ்' புரோகிராமர்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது.

2009இல் கோ மொழி வெளியானபோது அதில் ஜெனரிக்ஸ் இல்லை. இல்லாததன் வலி சிறிய இடங்களில் தெரிந்தது. இரண்டு எண்களில் பெரியதைச் சொல்லும் 'மேக்ஸ்', அதன் மேத் பேக்கேஜில் தசம எண்ணுக்கு மட்டுமே இருந்தது. முழு எண்களை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் 16 இலக்கத்தைத் தொட்டால் கடைசி இலக்கம் பிசகக்கூடும். ஆகவே நான் ஒவ்வொரு டைப்புக்கும் அதே நான்கு வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதினேன்.

அந்த மொழியின் பெருமை 'இன்டர்ஃபேஸ்': ஒரு டைப் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பட்டியல். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பு: ஆங்கிலத்தில் இச்சொல் 19ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட எல்லைப் பரப்பைத்தான் குறித்தது. 'இடைமுகம்' என்று தமிழாக்கியவர்கள் இரு பாதியையும் அப்படியே பிடித்தார்கள். முகத்தைக் குறிக்கும் 'ஃபேஸ்', இலத்தீன் 'ஃபாகியேஸ்' வழி வந்தது. அதன் வேர் 'ஃபாகெரெ': செய்தல்.

ஜெனரிக்கில் பிறப்பு, இன்டர்ஃபேஸில் செயல். கோ மொழியில் இந்த வேர்ப்பொருள் உயிரோடு இருக்கிறது. ஜாவாவில் ஒரு கிளாஸ் தன் இன்டர்ஃபேஸை 'இம்ப்ளிமென்ட்ஸ்' என்று பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். கோ மொழியில் அறிவிப்பே தேவையில்லை. 'ரீடர்' என்ற இன்டர்ஃபேஸுக்கு 'ரீட்' என்ற மெத்தட் உரிய வடிவில் இருந்தால் போதும். ஃபைலோ நெட்வொர்க் இணைப்போ, அது 'ரீடர்'தான்.

2022 மார்ச்சில் கோ மொழியின் 1.18ஆம் பதிப்பில் ஜெனரிக்ஸ் வந்தபோது இரு சொற்களும் சந்தித்தன. 'டி' யாராக இருக்கலாம் என்ற வரம்பை இன்டர்ஃபேஸே சொல்லும் என்று முடிவானது. சிக்கல் 'மேக்ஸ்' கேட்கும் சிறியது–பெரியது குறியில் வந்தது. கோ மொழியில் அது மெத்தட் அல்ல. அதனால் "ஒப்பிடத் தெரிந்தவர்" என்று நேராக எழுத வழியில்லை. முழு எண், தசம எண், எழுத்துத்தொடர் என்று இனங்களை அடுக்க வேண்டியதாயிற்று. செயலின் சொல்லுக்குள் குலப் பட்டியல் நுழைந்தது.

ஆனாலும் அந்தப் பட்டியலுக்கு 'ஆர்டர்டு' என்றே பெயர். வரிசைப்படக்கூடியது என்று பொருள். ஒவ்வொரு டைப்பின் முன்னும் ஒரு சிறு அலைக்குறி நிற்கிறது. முழு எண்ணை அடியாக வைத்து 'ரூபாய்' என்று நான் ஒரு புது டைப் படைத்தால், பட்டியலில் அதன் பெயர் இராது. அந்த அலைக்குறிதான் அதை உள்ளே விடும். இனங்களை எண்ணி எழுதியது ஒப்பிடும் ஆற்றலுக்காக மட்டுமே. பிறப்பைக் குறித்த ஒரு பழஞ்சொல் இவ்வளவு தூரம் வந்து, "உன்னால் என்ன செய்ய முடியும்?" என்ற கேள்விக்கு வேலை செய்கிறது. அதன் பங்காளிச் சொல்லும் என்றாவது இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.