உத்தியோகம் போன பின்

துன்பத்தைப் பற்றிய மலர்க் கட்டுரை எதுவும் உரோமையர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தைத் தொடாமல் நகர்வதில்லை. நன்னிலத்தாருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரயிலேறினால் பூந்தோட்டம், பேரளம், அப்புறம் மயிலாடுதுறை: முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் மாயூரம்.

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்தார். லஞ்சம் வாங்குவோரைப் பாட்டிலேயே சாடியவர். அப்படிப்பட்டவருக்கு மேலிடத்தில் நண்பர்கள் நிறைய இருந்திருக்க மாட்டார்கள். நோயும் மேலதிகாரியின் மனக்கசப்பும் சேர, 1872இல் உத்தியோகத்தை விட நேர்ந்தது. அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவருடைய பெரிய நூல்கள் இரண்டு அதற்குப் பிறகுதான் அச்சேறின. 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’, மறு ஆண்டே ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அதே பக்தர், கீர்த்தனைகளில் எம்மதத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடும்படி சொற்களைப் பொதுவாக வைத்தார். உத்தியோகத்தில் பட்ட அல்லலும் அதில் உண்டு, பஞ்சத்தின் கொடுமையும் உண்டு. தன் மனக்குறையையும் ஊரார் பசியையும் ஒரே ஏட்டில், ஒரே கடவுள் முன் வைக்க முடிந்ததே, அதைத்தான் ஆன்மிக வளர்ச்சி என்பேன்.

அது தாது வருடப் பஞ்சக் காலம், 1876–78. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சைச் சீமை சேலம், பெல்லாரி போல் அழியவில்லை. ஆனால் நெல் விளையும் ஊரிலும் அரிசி விலை ஏறினால் கூலியாளுக்குப் பட்டினிதான். பிள்ளை தம் பொருளை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். ஆனந்ததாண்டவபுரத்துச் சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார்.

நம்மைப் பக்குவப்படுத்தவே கடவுள் பஞ்சத்தை அனுப்புகிறார் என்று பிரசங்கத்தில் கேட்டால் எனக்கு ஒப்புவதில்லை. செத்தவர்கள் யாருடைய பக்குவத்துக்காகச் செத்தார்கள்? பிள்ளையும் பஞ்சத்துக்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. தீர்த்து வையென்று கடவுளிடம் மன்றாடினார், அடுப்பையும் மூட்டினார்.

அவர் கீர்த்தனைகளைக் கச்சேரி மேடைகளில் இன்றும் கேட்கலாம். நம் கோயில்களில், தவக்காலத்தில்கூட, அவை அரிது. பாடகர் குழுவினர் அடுத்த சாம்பல் புதனுக்குள் நாலைந்தைப் பாடம் பண்ணிவிடலாம்.