சாதியைக் குழந்தை எங்கே கற்கிறது?

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். பிடிபட்டவர்கள் சிறார்கள், அவர்களுள் அவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்களும் உண்டு. இத்தனை சிறு வயதுக்குள் இவ்வளவு வெறுப்பு எவ்வாறு திரண்டது?

பிறவியிலேயே வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் எந்த இனத்தாரின் முகத்தையும் தனித்து விரும்புவதில்லை. மூன்று மாதங்களில், தம்மைச் சுற்றி அதிகம் காணும் முகங்களையே கூடுதல் நேரம் நோக்குகின்றன என்று 2005-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. இது வெறுப்பன்று, பழக்கம் மட்டுமே. இஸ்ரேலில் குடியேறிய எத்தியோப்பியக் குடும்பங்களின் குழந்தைகள் இருவகை முகங்களையும் கண்டு வளர்ந்ததால், அவர்களிடம் இந்தச் சாய்வும் காணப்படவில்லை.

சாதிக்கோ முகமே இல்லை. நிறத்தைக் கண்ணால் காணலாம். சாதியை யாரேனும் சுட்டிக்காட்டினால்தான் குழந்தை அறியும். அப்படிச் சுட்டுவது பெரும்பாலும் அறிவுரையாக நிகழ்வதில்லை. வேலைக்கு வருபவருக்கென ஒதுக்கிய குவளை, அவர் நிற்க வேண்டிய இடம், தாத்தா வயதுடையவரைப் பேரன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பது, ‘அந்தத் தெருவுக்குப் போகாதே’ என்னும் கட்டளை ஆகியவையே பாடங்கள். ‘ஏன்?’ என்று கேட்கும் குழந்தைக்குக் கிடைக்கும் மௌனமும் ஒரு பாடமே. ஒரு பிரிவினரைக் குறிக்கும் சொல்லையும் அச்சொல்லோடு ஒட்டிய வெறுப்பையும் குழந்தை முதலில் பெறுகிறது. அப்பிரிவினர் யாரென்பதைப் பின்னரே அறிகிறது என 1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் விளக்கினார்.

ஒடுக்கப்படும் குழந்தையும் இதே பாடத்தைப் படிக்க நேர்கிறது. சத்தாராவில் பள்ளி மாணவராக இருந்த அம்பேத்கர் சாக்குத் துணியில் தனியே அமர வேண்டியிருந்தது. பணியாள் ஊற்றினால்தான் தண்ணீர். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் நடத்திய பொம்மை ஆய்வில், கறுப்பினக் குழந்தைகளில் பலர் வெள்ளைப் பொம்மையையே ‘நல்லது’ என்றனர். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் மாணவர்களிடம் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். சாதியை வெளிப்படையாக அறிவித்ததும் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களின் திறன் சரிந்தது. மாறியது அவர்களது அறிவன்று. அறையில் உரக்கச் சொல்லப்பட்ட ஒரு சொல்தான்.

வீட்டில் கற்றதைப் பள்ளி அழிக்கலாம், உறுதிப்படுத்தவும் செய்யலாம். தென்மாவட்டப் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளும் பொட்டுகளும் சாதி அடையாளங்களாயின. முகமற்ற சாதிக்கு மாணவர்களே ஒரு முகத்தை அணிவித்தனர். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குதல், அகரவரிசைப்படி இருக்கை முதலியவற்றைப் பரிந்துரைத்தது.

ஒரே கூரையின் கீழ் அமர்த்துவது மட்டும் போதாது. நாங்குநேரிச் சிறார்களும் ஒரே பள்ளியில் படித்தவர்களே. சமநிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தால்தான் பழக்கம் தப்பெண்ணத்தைக் கரைக்கும் என்பதும் ஆல்போர்ட்டின் முடிவே. சமமாக அமரவைத்த ஆசிரியரே சாதி பார்த்துப் பேசினால், இருக்கை வரிசை வெறும் சடங்காகிவிடும்.

சாதி செங்கல் சுவரன்று, மனத்தில் ஊன்றிய கருத்து என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அக்கருத்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஊட்டப்பட்டால்தான் உயிர்வாழும். ஆகவே, ‘நான் சாதி பார்ப்பதில்லை’ என்று பெரியவர்கள் சொல்வதைவிட, தம் வீட்டுக் குவளையையும் விளிச்சொல்லையும் அவர்கள் மாற்றியிருக்கிறார்களா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. குழந்தை பார்த்துக் கற்பது அவற்றைத்தான்.