மூட்டாத துணி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்துக்காரன் நான். துணி என்றால் முதலில் கரையைத்தான் பார்ப்பேன். ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டும் ஆண்களுக்கோ தைக்காத இரண்டு துண்டுகள், வழக்கமாக வெள்ளை. வேட்டிதானே, நமக்குப் பழக்கம்னு தோணும். ஆனால் நம் கடலோர முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ முறையில், அன்றாடம் உடுத்துகிற மூட்டிய கைலியே கூடாது. தொப்பியும் கழற்றணும்.

மும்பையிலிருந்து கப்பல் போக்குவரத்து 1995இல் நிற்கும் வரை, பலர் யலம்லம் எல்லைக்கு நேரே, நடுக்கடலிலேயே உடை மாற்றினார்கள். எந்த ஊர், எவ்வளவு வசதி என்று சொல்லும் துணியெல்லாம் அங்கேயே பெட்டிக்குள் போயிற்று. பெண்களுக்குத் தைத்த உடை உண்டு, பட்டும் உண்டு; முகத்திரைதான் கூடாது.

முடி, நகம், அத்தர் தடைகள் தெரிந்தவைதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேட்டை விதி: கொல்லாமலிருந்தால் போதாது, மானை வேட்டைக்காரனுக்கு விரல் நீட்டிக் காட்டவும் கூடாது. கடல் மீனுக்குத் தடையில்லை.