தற்காலிகத் தையல் (குயில்ட்)

தற்காலிகத் தையல் என்பது குயில்ட் போர்வையின் மேல்துணி, பஞ்சுப்படலம், அடித்துணி ஆகிய மூன்றும் நகராதிருக்க, நிலையான தையலுக்கு முன்னர் இடப்படும் நீண்ட இழையோட்டம் ஆகும். இதற்குப் பதிலாக ஊக்குகளும் பயன்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் முன்னர் சில வீடுகளில் குயில்ட் சட்டம் கூரையிலிருந்து கயிற்றால் தொங்கவிடப்பட்டது. வேலையில்லாதபோது மேலே உயர்த்தப்பட்டது.

இடம் குறைந்த வீட்டில் 2.5 மீட்டர் அகலப் போர்வையையும் உணவு மேசையில் பகுதி பகுதியாக இணைக்கலாம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 செ.மீ. கூடுதலாக வெட்டிய அடித்துணி, நல்ல பக்கம் கீழிருக்குமாறு விரிக்கப்பட்டு, மேசை விளிம்பில் கிளிப்புகளால் பிடிக்கப்படும். மற்ற இரண்டும் நடுப்புள்ளி பொருந்த அதன்மேல் இடப்பட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையகல இடைவெளியில் ஊக்குகள் குத்தப்படும். போர்வையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அடித்துணியை மீண்டும் சுருக்கமின்றிப் பிடித்தல் வேண்டும். பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். கீழேயுள்ள சுருக்கம், தைத்துத் திருப்பும்வரை தெரியாது. பின்னர் அப்பகுதியைப் பிரித்தே தைக்க நேரிடும்.