குடலிறக்கமும் குர்துபாவின் மருத்துவரும்

தொடையிடுக்கில் தோன்றும் புடைப்பை வெளியில் சொல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் மறைத்து வைப்போர் நம் குடும்பங்களில் உண்டு. ஆயினும் நம் முன்னோர் இந்நோயை அறிவின் பொருளாகவே கண்டனர்.

ஸ்பெயினின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த இவர், ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் 30 பகுதிகள் கொண்ட மருத்துவ நூலை இயற்றினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். கருவிகளின் படங்களும் அதில் உண்டு. குடலிறக்கத்துக்குக் காய்ச்சிய இரும்பால் சூடிடும் முறையை விளக்கும் அவர், இறங்கிய குடலை முதலில் உள்ளே தள்ளிவிட வேண்டும், குடலில் சூடு பட்டுவிடலாகாது என எச்சரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் இப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்தபின் நிலை மாறியது. 1880களில் இத்தாலியின் எதுவார்தோ பாசினி, தளர்ந்த வயிற்றுச் சுவரைத் தைத்து வலுவாக்கும் முறையை வகுத்தார். 1980களில் அமெரிக்காவின் லிக்டென்ஸ்டைன், தசையை இழுத்துத் தைக்காமல் வலை வைத்து மூடும் முறையைப் பரப்பினார். இன்று சிறு துளைகள் வழியாகவும் இது செய்யப்படுகிறது.

இடுப்புப் பட்டை புடைப்பை அடக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. புடைப்பு உள்ளே செல்லாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் கண்டால் குடலுக்கு இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அவசியத்தின்பொருட்டு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்ட மார்க்கம் இடமளிக்கிறது. நிற்க இயலாதோர் அமர்ந்தே தொழலாம். வெட்கம் ஈமானின் கிளைதான். அது உயிரைக் காக்கும் கடமைக்குத் தடையாகிவிடக் கூடாது.