சிகாகோ எரிந்த அதே ராத்திரி

1871 அக்டோபர் 8, சிகாகோ தீ. இறந்தவர்கள் சுமார் 300. இது பலருக்குத் தெரியும். அதே ராத்திரி வடக்கே விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மர ஆலை ஊரும் சுத்துவட்டாரமும் எரிஞ்சதுல, குறைஞ்சது 1,200 பேர் போயிட்டாங்க. அமெரிக்காவில் இவ்வளவு பேரைக் கொன்ன காட்டுத்தீ வேற இல்லை.

அந்த ஊரின் தீ மியூசியம் ஒரு பழைய சர்ச்சுக்குள்ள இருக்கு. உள்ளே பெரும்பாலும் அந்தக் காலத்து வீட்டுச் சாமான்கள்தான், வேகமா தாண்டிடலாம். தீயில் தப்பிய பொருள்கள் ரொம்பக் கம்மி. நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு மரப் பேழை முன்னாடி. நற்கருணை வைக்கும் இந்தப் பேழையை வண்டியில் ஏத்தி, பாதிரியார் பீட்டர் பெர்னின் ஆத்துக்கு இழுத்துட்டுப் போனார். ஆத்துல கழுத்தளவு தண்ணியில நின்னவங்க, முடி பத்திக்காம இருக்கத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாங்க, மணிக்கணக்கா. பக்கத்துக் கல்லறையில் ஒரே குழியில் சுமார் 350 பேர். அடையாளம் காட்டக்கூட ஆள் மிஞ்சலை.

சரி, இது ஏன் நமக்குத் தெரியலை? தந்திக் கம்பியும் எரிஞ்சிடுச்சு. ரெண்டு சர்வர் டவுன், அலர்ட் வந்தது ஒண்ணுலேருந்து மட்டும்! தலைநகர் மேடிசனுக்குச் செய்தி வந்தப்போ, கவர்னர் நிவாரணத்தோட சிகாகோ கிளம்பிட்டார். அவர் மனைவி ஃபிரான்சஸ் ஃபேர்சைல்டுக்கு 24 வயசு. சிகாகோவுக்குப் போகவிருந்த சரக்குப் பெட்டியை பெஷ்டிகோ பக்கம் திருப்பினாங்க. அதுல போர்வை இல்லைன்னு தெரிஞ்சதும், ஊர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கி ஏத்தி அனுப்பினாங்க.